பெயர் சொல்லாத விண்ணப்பம்

பிப்ரவரி 9

அன்புள்ள சித்தி,

முதல் வரியில் நான் வழக்கமாகப் போடும் ஸ்தோத்திரம் இல்லை, கவனித்தீர்களா? உங்களுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுதி எழுதி அழித்தேன்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "சாப்ட்டியா? அங்க குளிரா?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விடுவீர்கள். நாம் பேசிவிட்டோம் என்று அம்மாவுக்கு நிம்மதியாகிவிடும். அதனால்தான் மெயில்.

நான் ஊழியத்துக்காக இந்த நாட்டுக்குக் கிளம்பும் முன் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. "வேலை கிடைக்காதவங்களுக்கு ஊழியமும் ஒரு வேலைதான்." அப்புறம் சர்ச்சில் எனக்கு நடத்திய வழியனுப்புக் கூட்டத்துக்கும் நீங்கள் வரவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை என்று சொல்ல வந்தேன். வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இங்கே எங்கள் சபை கூடுவது ஒரு நடனப் பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. பாஸ்டர் பிரசங்கம் பண்ணும்போது பாதிப் பேர் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொள்கிறார்கள். மீதிப் பேர் அவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். நான் காலையில் போய் மடக்கு நாற்காலிகளை விரிக்கிறேன். டீ ஊற்றுகிறேன். எல்லோரும் போனதும் நாற்காலிகளை மடக்குகிறேன். "எனக்கு ஊழியம் எப்போம்மா?" என்று பாஸ்டரம்மாவைக் கேட்டேன். "விரல் நசுங்காம நாற்காலி மடக்கக் கத்துக்கோ, அப்புறம் பாப்போம்" என்றார்கள்.

வாரநாட்களில் சுவிசேஷம் சொல்ல வீடு சந்திக்கப் போகிறேன். கதவைத் தட்டினால் அதிலுள்ள சின்னக் கண்ணாடித் துளை இருட்டாகும். யாரோ கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு வெளிச்சமாகிவிடும். அவ்வளவுதான். நாள் முழுக்கத் துளைகளோடு பேசிவிட்டு வருகிறேன். நம் போதகர் ஐயா வாராவாரம் ஊரிலிருந்து கேட்கிறார்: "ஏதாவது கனி உண்டாம்மா? புதுசா யாராச்சும் சபைக்கு வந்தாங்களா?"

இப்போதுதான் ஒன்று நடந்திருக்கிறது. என் கோட்டின் ஜிப் பிய்ந்துபோய், நான் தங்கியிருக்கும் கட்டடத்தின் கீழே இருக்கும் ஆல்டரேஷன் கடைக்குப் போனேன். மெஷினில் இருந்தவர் என் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்துவிட்டுத் தமிழில், "அந்த ஜவுளிக்கடை இன்னும் இருக்கா?" என்றார். நம் ஊர்க்காரர், சித்தி. தண்ணீர்த் தொட்டித் தெரு. முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா லாரி டிரைவராக இருந்து இறந்துவிட்டார். அம்மா மட்டும் ஊரில். இடது கையால்தான் கத்திரிக்கோல் பிடிக்கிறார். நான் தையல் அக்கா என்று கூப்பிடுகிறேன். மாலையானால் அதே கட்டடத்தில் எனக்குக் கீழ் மாடியில் இருக்கும் அவர் அறைக்குப் போய்விடுகிறேன். இந்த ஊரில் நான் தட்டினால் திறக்கிற ஒரே கதவு அது.

போன வாரம் பேசிக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். மார்பில் கட்டி. கெட்ட கட்டிதான் என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த மாதம் ஆபரேஷன். அவர் அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்கிறார். "ஒத்தையா இருக்காங்க. தெரிஞ்சா சுவத்தப் பாத்துட்டு உக்காந்துடுவாங்க."

எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது. நம் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பெயர் சொல்லவில்லை. அது பல குழுக்களுக்குப் போய், முகம் தெரியாதவர்களெல்லாம் ஜெபிக்கிறார்கள். ஐயாவுக்கும் சந்தோஷம்.

உங்களை ஜெபிக்கச் சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

உங்கள் வாலு


பிப்ரவரி 13

வாலு,

மெயில் கிடைத்தது. அந்தக் கதவுத் துளையை நானே பார்த்தது போல் இருந்தது. விரல் நசுங்கியதா என்று எழுதவில்லை. நசுங்கியிருக்கும்.

உன் வாய்ஸை நானும் கேட்டேன், விரும்பியல்ல. அக்கா சமையலறையில் போனை உப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து நாள் முழுக்கப் போடுகிறாள். பக்கத்து வீட்டுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். நான்கு நிமிடம் பேசுகிறாய். பெயர் சொல்லவில்லை, உண்மைதான். சொன்னதெல்லாம் இவை: வெளிநாட்டில் தையல் வேலை. சொந்த ஊர் நம் ஊர். இடது கைப் பழக்கம். தகப்பன் லாரி ஓட்டியவர், இப்போது இல்லை. தாய் தனியாக. நோய் இன்னது. தாய்க்கு இன்னும் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்திப் பிழைக்கிறவள். பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்தாயிற்று என்று முதல் ஆண்டுப் பிள்ளைகள் நினைப்பார்கள். கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு அதுதான் ஊர் என்பேன். பெண் என்றால் வட்டம் பாதியாகும். வயதைச் சொன்னால் இன்னும் சுருங்கும். தொழில், பழக்கம், தகப்பன் தொழில் என்று சேர்க்கச் சேர்க்க, கடைசியில் உள்ளே ஒரே ஒருவர் நிற்பார். நீயும் அந்த வகுப்பில் இருந்தாய். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ நல்ல மனதோடு செய்தாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒன்று மட்டும் சொல். அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு அனுப்பினாயா?

சித்தி


பிப்ரவரி 15

அன்புள்ள சித்தி,

கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

உடம்பு சரியில்லாதவருக்காக ஜெபிக்கச் சொல்வதும் ஊர்வம்பும் ஒன்றா? ஒருத்தர் பாரத்தை இன்னொருத்தர் சுமப்பதற்குத்தானே சபை என்று ஒன்று இருக்கிறது? உங்களுக்கு எதை எடுத்தாலும் ஒரு வட்டம், ஒரு கரும்பலகை. மனிதர்கள் அதற்குள் அடங்க மாட்டார்கள்.

எனக்குப் பதிலுக்கு வந்த வாய்ஸ்களை நீங்கள் கேட்கவில்லை. ஒரு வயதான அம்மா அனுப்பியிருக்கிறார்: "நான் தினம் காலைல அந்தப் பொண்ணுக்காக முழங்கால் போடறேன்மா. தைரியமா இருக்கச் சொல்லு. அவங்கம்மாவுக்காகவும் ஜெபிக்கிறேன், பாவம், ஒண்ணும் தெரியாம இருக்காங்க." குரல் நடுங்குகிறது. அதைக் கேட்டு நான் அழுதேன். எந்த வட்டத்தில் சேர்ப்பீர்கள் அந்த அம்மாவை?

போன ஞாயிற்றுக்கிழமை தையல் அக்கா எங்கள் கூட்டத்துக்கு வந்தார். நான் கூப்பிடவே இல்லை, அவராகவே. கடைசி வரிசையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னடி இது, எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மூஞ்சியே தெரியுது. வீட்லயே பாத்துச் சலிச்சுப்போச்சு" என்று என் காதில் சொன்னார். பாஸ்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் அன்று என்னைத்தான் கூட வரச் சொல்லியிருக்கிறார். யாராவது கூட இருந்து அழைத்துப் போனால்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

கனி இல்லை கனி இல்லை என்று இருந்தவளுக்கு இது எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரிய வேண்டாம். கெடுக்காமல் இருந்தால் போதும்.

வாலு


பிப்ரவரி 22

வாலு,

இதைப் படித்தவுடன் எழுந்து அந்தப் பெண்ணிடம் போ. மீதியை வந்து படித்துக்கொள்ளலாம். அவள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

இன்று மதியம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உன் அம்மா பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வாசலில் ஒரு வயதான அம்மா மணி அடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கதவைத் திறந்தேன்.

"ஜெபக் குழுவுல பேசற பொண்ணு வீடு இதுதானா?"

"ஆமாம். அவ சித்தி நான்."

"காலேஜ் டீச்சர்தானே நீங்க? என் பொண்ணும் உங்க பொண்ணு இருக்கற ஊர்லதான் இருக்கா. தையல் வேலை."

உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"அவளுக்கு இடது கை. சின்னதுல அவங்கப்பா அடிச்சுப் பாத்தாரு. மாறல. அந்தக் கையாலதான் இப்ப சோறு திங்கறா." "மொத மொத அந்த வாய்ஸக் கேட்டப்போ யாரோ பெத்த புள்ள, பாவம்னு இருந்துச்சு டீச்சர். தாய் தனியா இருக்காங்க, தெரியாதுன்னு சொல்லுச்சு பாருங்க, அந்தத் தாய்க்காகவும் ஜெபிச்சேன். தைரியமா இருக்கச் சொல்லி நானும் ஒரு வாய்ஸ் போட்டேன். நேத்து பாத்திரம் கழுவிட்டிருந்தேன். அப்படியே கை நின்னுபோச்சு."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர். பொய்யும் சொல்ல வேணாம். உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அப்படியே பார்த்தார். வகுப்பில் எத்தனையோ வருடம் நூறு பேர் பார்க்க நின்றிருக்கிறேன். இன்று முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்தார். டம்ளரைத் தானே கொண்டுபோய்ச் சமையலறையில் கழுவி வைத்தார். போகும்போது சொன்னார்:

"யாரோ ஒருத்தின்னு நெனச்சுல்ல ஜெபிச்சேன். என் பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாப் பண்ணியிருப்பேனோன்னு இருக்கு."

இரவுக்குள் மகளுக்குப் போன் செய்துவிடுவார். அதற்கு முன் நீ சொல்லிவிடு. அவளுக்கு அது உன் வாயிலிருந்து வர வேண்டும்.

சித்தி


பிப்ரவரி 23

சித்தி,

நான் படிக்கட்டில் இறங்கும்போதே அவர் போனில் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. "இல்லம்மா. இல்லம்மா. அது வேற யாரோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அதையும் சொல்லவில்லை. போனைக் காதில் வைத்தபடியே நின்றார்.

என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டுக் கேட்டார்: "நீதானா?"

"பேர் சொல்லலக்கா" என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"பேரைச் சொல்லியிருந்தாலும் பரவால்ல. பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லியிருக்க." சத்தம் போடவில்லை. துணிக்கு அளவு சொல்வது போலச் சொன்னார். "எங்கிட்டன்னு இருந்தது இந்த ஒரு விஷயம்தான். எப்போ சொல்றது, யார்கிட்ட சொல்றது, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நான் பத்திரமா வெச்சிருந்தேன். அத எடுத்து ஊருக்கே குடுத்துட்ட. என் உடம்ப வெச்சு நீ ஊழியம் பண்ணியா?"

கதவைச் சாத்திவிட்டார். இன்று காலையில் போய்த் தட்டினேன். துளை இருட்டானது. வெளிச்சமானது.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்க்கொள்வதாக ஆல்டரேஷன் கடைக்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கூட ஆள் வேண்டும் என்ற விதிக்கு என்ன செய்வார் என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாயில்லை.

இதற்கு நடுவில் போதகர் ஐயா பேசினார். விஷயம் தெரிந்தும், "தாயும் மகளும் ஒரே ஜெபத்துல சேர்ந்திருக்காங்க பாத்தியாம்மா, எப்பேர்ப்பட்ட காரியம்" என்கிறார். ஆபரேஷன் முடிந்ததும், ஜெபத்தால் குணமானார் என்று நான் ஒரு சாட்சி வீடியோ அனுப்ப வேண்டுமாம். சபை ஆண்டு விழாவில் போட்டுக் காட்டுவார்களாம். போன மாதம் என்றால் துள்ளிக் குதித்திருப்பேன்.

நான் வந்துவிடட்டுமா சித்தி? நாற்காலி மடக்க வேறு யாராவது கிடைப்பார்கள். நீங்கள் சொன்ன மாதிரி வேறு வேலை தேடிக்கொள்கிறேன்.

வாலு


பிப்ரவரி 27

வாலு,

வந்துவிடு என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதனாலேயே எழுதவில்லை. என் ஆசை இந்த விஷயத்தில் நல்ல சாட்சியல்ல.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். உன் வழியனுப்புக் கூட்டத்துக்கு நான் வந்தேன். தாமதமாக வந்ததால் உள்ளே வராமல் செருப்பு விடும் இடத்தில் ஜன்னலோரம் நின்றேன். நீ மேடையில் பேசிக்கொண்டிருந்தாய். "எங்க வீட்ல ஒருத்தங்க இருக்காங்க. படிப்ப நம்பி ஆண்டவர விட்டு விலகிப் போனவங்க. குடும்பம்னு ஒண்ணு அமையல, தனிமையில வாடறாங்க. பேர் சொல்ல விரும்பல. அவங்களுக்காக எல்லாரும் ஜெபிச்சுக்கங்க" என்றாய்.

நம் வீட்டில் நீ, உன் அம்மா, நான். மூன்று பேர்.

ஜன்னலோரத்தில் என் பக்கத்தில் நின்றவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்காகத்தான். அப்படியே திரும்பி நடந்தேன். உனக்கு வாங்கியிருந்த கம்பளிக் காலுறைகளை வீட்டில் உன் பெட்டியில் சொருகிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அம்மா வாங்கியது என்று நினைத்திருப்பாய். மறுநாள் கல்லூரியில் அலுவலக உதவியாளர் கூட என்னிடம் வழக்கத்தைவிட மென்மையாகப் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை. நான் சர்ச்சுக்குப் போகாதவள்தான், கல்யாணமாகாதவள்தான். வாடுகிறேன் என்று உனக்கு யார் சொன்னது? மாடியில் நன்றாகத் தூங்குகிறேன்.

உன்னைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை. நீ அந்தப் பெண்ணின் கோபத்தை எனக்கு விவரித்திருந்தாய். என்னிடம் அதை விவரிக்கத் தேவையே இருக்கவில்லை என்று சொல்வதற்காக எழுதுகிறேன். வேலை கிடைக்காதவர்கள் என்று நான் சொன்னதும் அழகான பேச்சல்ல. அது அதற்கு முந்தைய வாரம். அதற்கு நான்தான் பொறுப்பு.

உன் அம்மா அந்த வாய்ஸை அழித்துவிட்டாள். உப்பு டப்பா சும்மா இருக்கிறது. மற்றவர்கள் போனில் எத்தனை இருக்கிறதோ.

ஒரு வேண்டுகோள். இனி அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கும் எதுவும் எழுதாதே. நல்ல செய்தி என்றாலும் எழுதாதே. அவள் அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் என் முகத்தைப் படித்துவிடுவார். எனக்குத் தெரியாமலிருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

சித்தி


மார்ச் 12

அன்புள்ள சித்தி,

உங்கள் மெயிலுக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மேடையில் அன்று எனக்கு எவ்வளவு நன்றாகப் பேச வந்தது என்பது நினைவுக்கு வந்தது. எல்லோரும் உருகிவிட்டார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் அதுவும் நன்றாகப் பேசுவது மாதிரியே இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள். இப்போதும் அந்தக் காலுறைகளைத்தான் போட்டிருக்கிறேன்.

ஜெபக் குழுவுக்குக் கடைசியாக ஒரு வாய்ஸ் அனுப்பினேன். "அந்த விண்ணப்பத்தைச் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். தயவுசெய்து அழித்துவிடுங்கள். என்ன ஆயிற்று என்று நான் சொல்லப் போவதில்லை." ஐயாவுக்கு வருத்தம். சாட்சியை மறைப்பது விசுவாசக் குறைவு என்கிறார். ஜூனுக்குப் பிறகு என்னை இங்கே வைத்திருப்பதா என்று கமிட்டி பேசுமாம். பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு என்னோடு நாற்காலி மடக்க வந்துவிட்டார்.

நீங்கள் சொன்னபடி யாரைப் பற்றியும் எழுத மாட்டேன். என்னைப் பற்றி எழுதலாம் அல்லவா?

ஆல்டரேஷன் கடையில் மதியங்களில் வேலை செய்கிறேன். மெஷினில் இருப்பவர் சில வாரம் வர முடியாது என்பதால் முன்கூட்டியே முடிக்க வேண்டிய துணிகள் மலையாகக் கிடந்தன. கடைக்காரம்மாவிடம் போய், "எனக்குத் தைக்கத் தெரியாது, வேறு ஏதாவது இருந்தால் செய்கிறேன்" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிரிக்கச் சொன்னார். பேன்ட் நீளத்தைக் குறைக்க, முதலில் பழைய ஓரத் தையலைப் பிரிக்க வேண்டும். இடுப்பை விரிக்க, நடுத் தையலைப் பிரிக்க வேண்டும். நாள் முழுக்கப் பிரிக்கிறேன். பிரித்த இடத்தில் ஒட்டியிருக்கும் துண்டு நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன். இஸ்திரி போடுகிறேன். கடையில் என்னோடு யாரும் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. நான் பேசாமல் இருப்பேன் என்று நம்ப உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நேற்று என் தலைக்கு மேலிருந்து ஒரு குரல்: "நூல வெடுக்குனு இழுக்காத. துணி பிஞ்சிரும்."

யார் குரல் என்று எழுத மாட்டேன்.

வாலு


மார்ச் 20

வாலு,

நன்று. உனக்குப் பேசாமலிருக்கத் தெரியும் என்பதை நான் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

தண்ணீர்த் தொட்டித் தெருவுக்கு வாரத்தில் சில நாள் கல்லூரி முடிந்து போகிறேன். என்னத்துக்குப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. முதல் நாள் அவர் போனில் வீடியோ வரவில்லை என்று சரி செய்யப் போனேன். இப்போது அது நன்றாக வருகிறது, நான் இன்னும் போகிறேன். அவரும் மகளும் தினம் பேசுகிறார்கள், தினம் சண்டை போடுகிறார்கள் என்பது வரை தெரியும். எதற்குச் சண்டை என்று அவர் சொல்வதில்லை. நான் கேட்பதில்லை. காய் நறுக்கித் தருகிறேன். போன வாரம் அவர் ஜெபம் பண்ண உட்கார்ந்தார். நான் எழுந்தேன். "இருங்க டீச்சர். நீங்க கண்ண மூட வேணாம். பக்கத்துல ஆள் இருந்தா நல்லாருக்கும்" என்றார். இருந்தேன். அவர் சொன்னதெல்லாம் அவருக்கும் அவர் ஆண்டவருக்கும் இடையில். நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதகர் ஐயா நேற்று வீட்டுக்கு வந்தார். "உங்க அக்கா பொண்ணு நல்ல நேரத்துல பின்வாங்கறா டீச்சர். சாட்சி சொன்னா எத்தன பேருக்குப் பிரயோஜனம்? பேர் சொல்ல வேணாம்னுதானே சொல்றோம்."

"சரிங்க ஐயா. உங்க சர்க்கரை அளவ நான் குழுவுல சொல்லட்டுமா?" என்றேன். "ஜெபிக்கத்தான். பேர் சொல்ல மாட்டேன். இந்த ஊர்ல ஒரு போதகர், ராத்திரி யாருக்கும் தெரியாம இனிப்புச் சாப்பிடறவர்னு மட்டும் சொல்றேன்."

உன் அம்மா உள்ளேயிருந்து இருமினாள். ஐயா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, பாவம், சிரித்துவிட்டார். டீயைச் சர்க்கரை இல்லாமல் குடித்துவிட்டுப் போனார். கமிட்டியில் என்ன பேசுவார் என்று தெரியாது. மோசமானவரல்ல.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தி


ஏப்ரல் 2

அன்புள்ள சித்தி,

இந்த மெயிலை அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். தையல் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். அவர் அம்மாவுக்கு அவரே எல்லாம் சொல்லிவிட்டார். அதனால் உங்கள் முகம் இனி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மெஷினிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

"வியாழக்கிழமை காலைல உனக்கு வேலை இருக்கா?"

"இல்லக்கா."

"இருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவ. ஏழு மணிக்குக் கீழ நில்லு. வழில பேசாத."

பஸ்ஸில் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் படிவத்தைப் பூர்த்தி செய்தபடி என்னைக் காட்டி, இவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா யோசித்துவிட்டு, "கூட வேலை செய்யறவ" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். கையில் போன் இருந்தது. உங்களுக்கோ அம்மாவுக்கோ ஒரு வரி அனுப்பக் கை துறுதுறுத்தது. பாஸ்டரம்மாவிடம்கூட அன்று எனக்கு வேலை இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஒருவருக்காகக் கவலைப்படும்போது அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கனமானது என்று எனக்கு அதுவரை தெரியாது. சொன்னவுடன் பாதி இறங்கிவிடுகிறது. அந்தப் பாதியை இறக்கத்தான் அன்று வாய்ஸ் அனுப்பினேனோ என்னவோ.

கட்டியை எடுத்துவிட்டார்கள். மீதிப் பரிசோதனை முடிவுகள் இந்த மாதக் கடைசியில் வரும். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

நேற்று அவர் அறையில் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தேன். இடது கையை இன்னும் தூக்க முடியவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய எரிச்சல். வலது கையால் சாப்பிட்டுப் பாதியைப் போர்வையில் சிந்திவிட்டு, "எங்கப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றார். நான் துடைத்தேன்.

"அம்மா கேட்டாங்க, அந்தப் பொண்ணு உனக்காக ஜெபம் பண்றாளான்னு. பண்ற மாதிரி தெரியல, வாயத் தொறக்க மாட்டேங்கறான்னு சொன்னேன். அதுக்கும் என்னையத் திட்டறாங்க."

"பண்ணட்டுமாக்கா?"

வலது கையால் போர்வையை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

"உன் போன வெளிய வெச்சுட்டு வா. கதவச் சாத்து."

போனை வராந்தாவில் ஷூக்களின் மேல் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

"எனக்குக் கேக்கணும். அந்த சகோதரி, இந்த சகோதரியெல்லாம் வேணாம். எம்பேரச் சொல்லிப் பண்ணு."

கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அவர் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மேடையில், குழுவில், எல்லா இடத்திலும் கொட்டியதெல்லாம் எங்கே போனதோ. கை சீக்கிரம் தூக்க வர வேண்டும் என்றேன். வலி குறைய வேண்டும் என்றேன். அவர் அம்மா தூங்க வேண்டும் என்றேன். நிறுத்திவிட்டேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அவ்வளவுதானா? குழுவுல நாலு நிமிஷம் பேசினியாமே."

"அங்க நீங்க இல்லையேக்கா."

அவர் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். நான் மறுபடியும் அவர் பெயரிலிருந்து தொடங்கினேன்.

உங்கள் வாலு